சாலைப் பணியில் முறைகேடு: பொதுநல வழக்குக்கு முன் எம்-புக்கை வாங்குங்கள்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் 15 செ.மீ. கனத்தில் போடவேண்டிய சிமெண்ட் சாலையை 10 செ.மீ.யில் முடித்து, முழு பில்லும் எடுத்துவிட்டார்கள். பொதுநல வழக்கு போட்டுத் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இப்படி வருகிறவர்களுக்குப் பணத்தைவிட உங்கள் கையெழுத்துதான் முக்கியம். மனுதாரர் நீங்கள், வழக்கு நம்பரானதும் அதைக் காட்டி ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசுவது அவர். படிந்ததும் வாபஸ் மனுவை நீட்டுவார். பொதுநல வழக்கை நினைத்தபோது வாபஸ் வாங்க மனுதாரருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. உள்நோக்கம் வெளிப்பட்டால் அபராதம் உங்கள் தலையில்தான் விழும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். ‘ஊழல் விவரம் தருக’ என்று எழுதினால் ஒன்றும் வராது. பணியின் பெயரைச் சொல்லி எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் பக்கங்கள், பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் கேளுங்கள். பொறியாளர் அளவு பதியும் எம்-புக்தான் இதில் உயிர். நீளம் 200 மீட்டர், அகலம் 3, கனம் 0.15 என்று அதில் இருந்தால் 90 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. தரையில் கனம் 0.10 என்றால் இருப்பது 60 தான். அந்த 30 கன மீட்டர்தான் உங்கள் வழக்கு. சாலை ஓரத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவை நம்பாதீர்கள். ‘ஓரம் மட்டும் அப்படி, நடுவில் சரி’ என்பார்கள். சாலையில் போட்ட கான்கிரீட்டின் சான்றிட்ட மாதிரி கேட்கவும் அதே தகவல் உரிமைச் சட்டத்தில் இடமுண்டு.

30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. நகல் கைக்கு வந்ததும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் கலெக்டருக்கும் ஒப்புகையோடு புகார் அனுப்புங்கள். கலெக்டர் ஆபீஸ் மனு, நீங்கள் குற்றம் சாட்டும் அதே செயல் அலுவலருக்கே ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று திரும்பி வரும். வெட்கக்கேடுதான். ஆனாலும் அனுப்புங்கள்; புகார் கொடுத்தும் அசையவில்லை என்று காட்டினால்தான் உயர் நீதிமன்றம் காது கொடுக்கும்.

இன்னொரு முட்டுக்கட்டை, ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் நுழைத்த 17ஏ பிரிவு. அலுவலர் எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்கவே முன் அனுமதி வேண்டுமாம். லஞ்சம் வாங்கும்போது அந்த இடத்திலேயே பிடிபட்டால் அனுமதி தேவையில்லை. இதைக் கேட்டுவிட்டுப் பலர் தங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். பொருந்தாது. நோட்டில் பவுடர் தடவிக் கையும் களவுமாகப் பிடிக்கிற வழக்குக்கு மட்டும்தான் அது. உங்களுடையது பணம் கொடுத்து முடிந்த பில். அனுமதி குறித்து முடிவெடுக்க 3 மாதம், எழுத்தில் காரணம் சொன்னால் மேலும் 1 மாதம் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. அது கடந்தும் பதில் இல்லையென்றால் நல்ல வக்கீலாகப் பார்த்துப் போங்கள்.

உயர் நீதிமன்ற மனுவில் ‘ஜெயிலில் போடுங்கள்’ என்று கேட்காதீர்கள். இன்ன தேதியிட்ட என் புகாரை விசாரிக்கவும், சாலையைத் துளையிட்டுக் கோர் (உருளை வடிவ மாதிரி) எடுத்துச் சோதிக்கவும் உத்தரவிடுக என்று கேளுங்கள்.