மூக்கில் சொட்டும் நீரை ஏன் மறைக்கிறீர்கள்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி அகற்றி மூன்று வாரங்கள் ஆகின்றன. பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம், ஹார்மோன் குறையலாம் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இந்த ஆபத்துகளுக்கு இன்னும் எத்தனை நாள் பயந்துகொண்டிருக்க வேண்டும்? இரவில் எனக்குத் தூக்கமே இல்லை. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். குனியும்போது மட்டும் ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீராகச் சொட்டுகிறது, சளி என்று துடைத்துக்கொள்கிறார். மருத்துவரிடம் சொன்னால் மறுபடியும் அறுவை சிகிச்சை என்பார்கள், சொல்லாதே என்றார். போன வாரப் பரிசோதனையின்போது நானும் சொல்லவில்லை. எனக்குத் தைரியமாக நான்கு வார்த்தை எழுதுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தைரியம் சொல்லப் போவதில்லை, அம்மா. உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே, அதில் இருந்த எண்ணில் அழைத்து, அவரை உடனே அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னோம். "அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டீர்கள். அந்தப் பதில் எனக்கு நிம்மதி தரவில்லை. ஆகவே காரணங்களோடு எழுதுகிறேன்.

பார்வை, பக்கவாதம், ஹார்மோன் என்று பயங்களை வரிசையாக அடுக்கிய நீங்கள், மூக்கில் சொட்டும் நீருக்கு ஒன்றரை வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் இன்றைக்கு உண்மையான ஆபத்தாக இருக்கக்கூடியது அந்த ஒன்றரை வரிதான்.

பிட்யூட்டரி சுரப்பி, மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சிறு எலும்புக் குழிக்குள் இருக்கிறது. மூக்கின் பின்புறமுள்ள காற்றறை வழியாக அந்தக் குழியின் சுவரைத் திறந்துதான் கட்டியை எடுக்கிறார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எப்போதும் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் தெளிந்த நீர் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரந்து, பழையது உறிஞ்சப்படுகிறது. அந்த நீரைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வு அறுவையின்போது கிழிய நேர்ந்தால், வயிற்றுக் கொழுப்பையோ தொடையின் தசையுறையையோ வைத்து அடைப்பார்கள். பெரிய திறப்பாக இருந்தால், மூக்கின் நடுத்தண்டு மேலுள்ள சவ்வை அதன் இரத்தக்குழாயோடு சேர்த்துத் திருப்பி மூடுவார்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த மருத்துவர்கள் வகுத்த இந்தப் பிந்தைய முறை 2006-இல் வெளியானது. அது பரவிய பிறகு பெரிய திறப்புகளில் கசிவு வெகுவாகக் குறைந்தது. குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. தும்மல், இருமல், மலச்சிக்கலுக்கு முக்குதல், கனம் தூக்குதல் என எதனாலும் அந்த அடைப்பு விலகலாம். அப்படி விலகினால், தலை கவிழும்போது மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாகச் சொட்டும். குனியும்போது, ஒரு பக்கம், தண்ணீராக என்று நீங்கள் எழுதியவை மூன்றும் அதற்கான அடையாளங்கள்.

சளிக்குப் பிசுபிசுப்பு உண்டு. துணியில் காய்ந்தால் விறைக்கும். மூளை நீர் பெரும்பாலும் அப்படி விறைக்காது. தொண்டைக்குள் இறங்கினால் உப்புக் கரிப்பதாகச் சிலர் சொல்வார்கள். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைகிற தலைவலியும் உடன் வரலாம். ஆனால் இவற்றை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மூக்கைக் கழுவிய உப்பு நீர் காற்றறையில் தங்கியிருந்து பிறகு சொட்டுவதும் உண்டு. உங்கள் கணவருக்குச் சொட்டுவது அந்த உப்பு நீராகவே இருக்கலாம். சொட்டும் நீரில் சிறிது பிடித்துக் கொடுத்தால், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதில் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். மூளை நீரில் உள்ள அது சளியிலும் கண்ணீரிலும் சாதாரணமாக இராது. இப்படி ஒரு சோதனை இருக்கும்போது, அது சளிதான் என்று சொல்லும் அதிகாரத்தை உங்கள் கணவருக்கு யார் கொடுத்தார்கள்?

நீர் வெளியே வரும் வழியாகக் கிருமி உள்ளே போகும். மூக்கு ஒருபோதும் கிருமியற்ற இடமல்ல. கசிவு நீடிக்க நீடிக்க, மூளையுறை அழற்சி, அதாவது மெனிஞ்சைட்டிஸ், வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சம் பட்டால் கண் கூசுதல், வாந்தி, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். மூக்கை வேகமாகச் சிந்தினால் காற்று மண்டைக்குள் புகவும் கூடும். ஆகவே அவர் மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

நீங்கள் பயப்படும் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பக்கவாதமும் பார்வை இழப்பும் பெரும்பாலும் அறுவையின்போதோ அடுத்த ஓரிரு நாள்களிலோ நேர்பவை, அவற்றைக் கடந்துவிட்டீர்கள். இந்த அறுவைக்குப் பின் சிலருக்கு இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து குறைவதும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வருவதுதான். ஆயினும் பார்வை திடீரென மங்கினாலோ, அடங்காத தாகத்தோடு சிறுநீர் அளவுக்கு மீறிப் போனாலோ, மூக்கிலிருந்து கொட்டுகிற மாதிரி இரத்தம் வந்தாலோ, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஹார்மோன் கண்காணிப்பு பல ஆண்டுகள் தொடரக்கூடியது. அதற்காக இரவெல்லாம் விழித்திருப்பதில் பொருளில்லை, குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குப் போனால் போதும்.

இனி உங்களைப் பற்றி. கண்ணெதிரே சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, அது எதுவென்று சொல்லக்கூடிய மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறீர்கள். அவர் சொல்லாதே என்றார், நீங்கள் சொல்லவில்லை. இதைக் கணவர் சொல்லுக்குக் கட்டுப்படுதல் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நோயாளி தன் பயத்தில் எதை வேண்டுமானாலும் சொல்வார்; உடன் வருபவர் எதற்காக உடன் வருகிறார்? நோயாளி மறைப்பதையும் மறப்பதையும் எடுத்துச் சொல்லத்தானே? அந்தக் கடமையை விட்டுவிட்டு, இரவு முழுக்கக் கண்விழித்துக் கவலைப்படுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. உண்மையை மறைத்துக் காப்பாற்றுகிற சமாதானத்தை எந்தக் குடும்பத்திலும் நான் மெச்சியதில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் அதைப் பொறுக்கவும் மாட்டேன்.

அவரை மட்டும் விட்டுவிடுவேன் என்று எண்ண வேண்டாம். இந்தப் பத்தியை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ஐயா, மறுபடியும் அறுவை சிகிச்சை என்பதுதானே உங்கள் பயம்? சிறு கசிவுகள் சில, தலையை உயர்த்திப் படுத்த ஓய்வாலும், முதுகில் மெல்லிய குழாய் வைத்துச் சில நாள் நீரை வடிப்பதாலும் அடைந்துவிடுவதுண்டு. அடையாவிட்டால் அதே மூக்கு வழியாகப் போய்த் திறப்பை மீண்டும் மூடுவார்கள். கட்டியை எடுத்ததைப் போன்ற பெரிய வேலையல்ல அது. ஆனால் கிருமி முந்திக்கொண்டால், முதலில் அதற்கு இரத்தக்குழாய் வழி மருந்து, பிறகுதான் அடைப்பு. மறைப்பதால் நீங்கள் தவிர்க்க நினைக்கும் அறுவை மேசை நெருங்கித்தான் வருகிறது. பயத்தை உங்கள் மனைவியின் வாயில் பூட்டாகப் போட்டது முறையல்ல.

ஆகவே அம்மா, இன்றே கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால், பயண அவசரத்தில் ஒரு வேளைகூட விட்டுவிடக் கூடாது. மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் அவர் "நன்றாக இருக்கிறேன்" என்பார். அதற்கு முன்பே, எந்த நாளிலிருந்து, எந்தப் பக்கம், எப்படி இருக்கும்போது சொட்டுகிறது, போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று நான்கையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.