கம்ப்யூட்டர் கேள்வி – பதில்: 'வெல்கம்' திரையைத் தாண்டவே நாலு நிமிஷமா?

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் 40 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். மாணவர்கள் எந்த சிஸ்டத்திலும் உட்கார்ந்து தங்கள் டொமைன் கணக்கில் (கல்லூரி சர்வரில் உள்ள, எந்த சிஸ்டத்திலும் செல்லும் கணக்கு) லாகின் செய்வார்கள். பாஸ்வேர்டு கொடுத்து டெஸ்க்டாப் வர மூன்று, நான்கு நிமிடம் ஆகிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா?

பதில்: பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. ஒரே சிஸ்டத்தில், அதில் இதுவரை நுழையாத ஒரு கணக்கில் இரண்டு முறை லாகின் செய்யுங்கள். முதல் முறை மட்டும் இழுத்தால், நேரம் போவது புது புரொஃபைல் (அந்தப் பயனரின் டெஸ்க்டாப், செட்டிங்ஸ், கோப்புகளின் தொகுப்பு) உருவாவதில். இரண்டு முறையும் இழுத்தால், லோக்கல் கணக்கு (அந்த சிஸ்டத்தில் மட்டும் உள்ளது) ஒன்றிலும் இப்படியே பாருங்கள். அதுவும் மந்தம் என்றால் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டுவிடுங்கள். லோக்கல் கணக்கு வேகமாக வந்து டொமைன் கணக்கு மட்டும் இழுத்தால், நெட்வொர்க்கையும் குரூப் பாலிசியையும் (சர்வரிலிருந்து எல்லா சிஸ்டங்களுக்கும் வரும் செட்டிங்ஸ்) பாருங்கள். ரேம் கடைசிக் கவலை.

ஆள் மாறிக்கொண்டே இருக்கும் லேபில் புரொஃபைல் பிரச்னைதான் அதிகம். புதியவர் நுழைந்தால் விண்டோஸ் டீஃபால்ட் புரொஃபைலை நகலெடுத்து, கூடவே வரும் ஸ்டோர் ஆப்களை ஒவ்வொன்றாக அவர் கணக்கில் பதிவு செய்யும். யாரும் தொடாத விளையாட்டு ஆப்களுக்கும் இந்த ராஜமரியாதை உண்டு. வேண்டாதவற்றை பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) நீக்குங்கள். ஒரு பயனர் கணக்கிலிருந்து மட்டும் நீக்கினால் அடுத்தவருக்கு மறுபடி முளைக்கும். புதுப் பயனர்களுக்குத் தானாகச் சேரும் ஆப்களின் 'ப்ரொவிஷன்டு' பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும். ஸ்டோரையே தூக்கிவிடாதீர்கள், மற்ற ஆப்களுக்கு அப்டேட் வராமல் திண்டாடுவீர்கள். 'ஹாய்' என்று வரவேற்கும் அனிமேஷனை நிறுத்தச் சிலர் சொல்வார்கள். அதனால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. அந்தத் திரைக்குப் பின்னால் நடக்கும் வேலைதான் நேரத்தைத் தின்கிறது.

டொமைன் பக்கம் என்றால் முதலில் டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்தால் நெட்வொர்க் முகவரியைச் சொல்லும் சேவை. கம்ப்யூட்டர்களில் டிஎன்எஸ் சர்வராக டொமைன் கன்ட்ரோலரின் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) முகவரி மட்டுமே இருக்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதாக கூகுளின் 8.8.8.8 போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பது அந்த வெளி சர்வருக்குத் தெரியாது. அதனிடம் கேட்டுக் காத்திருப்பதிலேயே நேரம் போகும். இன்டர்நெட்டுக்கு கன்ட்ரோலரில் ஃபார்வர்டர் (தனக்குத் தெரியாத பெயர்களை வெளி சர்வரிடம் கேட்கும் வசதி) அமைத்தால் போதும்.

அடுத்து ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) 'குரூப் பாலிசி – ஆபரேஷனல்' லாகைத் திறந்து 5016 எண்ணுள்ள பதிவுகளைப் பாருங்கள். பிரின்டர், டிரைவ் மேப் (சர்வர் ஃபோல்டரை ஒரு டிரைவாக இணைப்பது) ஒவ்வொன்றும் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது என்று அதில் இருக்கும். 30,000-ஐத் தாண்டும் வரி கண்ணில் பட்டால் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். பெரும்பாலும் எப்போதோ கழற்றிப்போட்ட சர்வருக்கு இன்னும் டிரைவ் மேப் ஆகிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் பிரின்டருக்கு 'ரீப்ளேஸ்' கொடுத்திருப்பார்கள். 'ரீப்ளேஸ்' ஒவ்வொரு முறையும் பிரின்டரை அழித்துப் புதிதாகச் சேர்க்கும். 'அப்டேட்' என மாற்றுங்கள்.

ரோமிங் புரொஃபைல் (சர்வரில் இருந்து லாகினின்போது சிஸ்டத்துக்கு நகலாகும் புரொஃபைல்) வைத்திருந்தால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் ஃபோல்டர் ரீடைரக்ஷன் (ஃபோல்டரை நகலெடுக்காமல் சர்வரிலேயே வைப்பது) மூலம் சர்வருக்கு மாற்றுங்கள். லாகினின்போது நகலாகும் சுமை நன்றாகக் குறையும்.

கேள்வி: இடம் பிடிக்கிறதே என்று சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் பழைய மாணவர்களின் ஃபோல்டர்களை அழித்தேன். இப்போது சிலருக்கு 'டெம்பரரி புரொஃபைல்' என்று வருகிறது. ஏன்?

பதில்: ஃபோல்டர் போனாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) 'புரொஃபைல் லிஸ்ட்' கீழ் அவர்கள் பதிவு அப்படியே இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துக்கொண்டு, அந்தப் பயனரின் பதிவை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்தால், அடுத்த லாகினில் புது புரொஃபைல் உருவாகும். இனி அழிப்பதென்றால் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியிலுள்ள யூசர் புரொஃபைல்ஸ் பட்டியல் வழியாகவே அழியுங்கள். ஃபோல்டரும் பதிவும் சேர்ந்தே போகும். குறிப்பிட்ட நாளுக்கு மேல் பயன்படுத்தாத புரொஃபைல்களைத் தானாக நீக்க குரூப் பாலிசியிலும் வசதி உண்டு. ஆனால் அது ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் வேலை செய்யும். மாதக்கணக்கில் ஸ்லீப்பிலேயே கிடக்கும் கம்ப்யூட்டரில் ஒன்றும் நடக்காது.