காசநோய்ப் பரிசோதனைக்குச் சளியை எப்படி எடுத்துக் கொடுப்பது?

அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல், சளி கொண்டுவர இரண்டு டப்பா கொடுத்திருக்கிறார்கள், எப்படி எடுப்பது, ரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். காசநோய்க்காக ரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பார்க்கும் சோதனைகளை இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. நுரையீரல் காசநோய்க்குச் சளிதான் சாட்சி.

என் அம்மா விஷயத்தில் அந்தச் சாட்சி முதல் தடவை கிடைக்கவில்லை. பெரம்பூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் டப்பாவைக் கையில் கொடுத்து, துப்பி எடுத்து வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். வரிசையில் ஆண்கள் உட்கார்ந்திருக்க, காறி இருமுவதற்கு அம்மாவுக்குக் கூச்சம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்குள் போனவர் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டார். டப்பாவில் இருந்தது நுரை மிதக்கும் எச்சில். அதையும் வாங்கிக்கொண்டார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அதை நம்பி ஏழு வாரம் வெறும் இருமல் மருந்தோடு ஓட்டினோம். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகுமளவுக்கு இளைத்துப் போனார்.

ஓட்டேரியில் அரசு நெஞ்சக மருத்துவமனைக்குப் போன பிறகுதான் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆய்வகப் பெண்மணி, மூடி மாறிவிடும் என்று டப்பாவின் பக்கவாட்டில் பெயர் எழுதினார். ஒன்றை அங்கேயே வெட்டவெளியில் எடுக்க வைத்தார். இன்னொன்று மறுநாள் விடிகாலைச் சளி. இரவெல்லாம் நெஞ்சில் சேர்ந்தது அதில் இருக்கும்.

காபிக்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனோம். மூச்சை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, மெல்ல விட வேண்டும். இரண்டு முறை அப்படிச் செய்துவிட்டு, மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். அம்மாவுக்கு நான்காவது முயற்சியில்தான் வந்தது. மஞ்சளாக, கெட்டியாக, டப்பாவைச் சாய்த்தபோது மெதுவாக நகர்ந்தது. 2 முதல் 5 மில்லி போதும், ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். மூடியை இறுக்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். நம் ஊர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவி மிகக் குறைந்த கிருமியையும் இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிடும், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதையும் சொல்லிவிடும். ஆனால் டப்பாவுக்குள் வந்து சேராத கிருமியை அது எங்கே தேடும்? பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சளி எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த பெண்களில் 13 சதவீதம் பேருக்குக் கிருமி தெரிந்தது. சொல்லிக்கொடுக்காத பெண்களில் 8 சதவீதம்தான். அதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் முந்தானைதான் நினைவுக்கு வந்தது.

முக்கியமாக இன்னொன்று. சளி கொடுப்பதற்கு முன் லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி நோயை மறைத்துவிடும்.

அப்பாவுக்கு எச்சில்தான் வருகிறது என்றால் அதைக் கொடுக்காமல் வேறு டப்பா கேளுங்கள். சளியே வராவிட்டால் உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து எடுக்கும் வழி மருத்துவமனையில் உண்டு. நாளை விடிகாலையில் மாடிக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று, அவசரமில்லை அப்பா என்று சொல்லுங்கள்.