பள்ளிகள் கூடவில்லை, கிளவுட் பில் மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: ஈரோட்டில் பள்ளிகளுக்கான கட்டண, வருகைப்பதிவு மென்பொருள் நடத்துகிறேன். எல்லாம் அமேசான் கிளவுடில், மும்பை மண்டலத்தில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் மாதம் 24,000 ரூபாய் வந்த பில் இப்போது 62,000. பள்ளிகளின் எண்ணிக்கை அதேதான். இடையில் ஒரு ஏஜென்சி பாதுகாப்புக்காக சர்வர்களை மாற்றி அமைத்தது. தினமும் இரவில் சுமார் 100 ஜிபி பேக்கப் எடுக்கிறோம். டேட்டாபேஸ் பழைய மைஎஸ்க்யூஎல் 5.7. இப்போது ஒருவர், "40 சதவீதம் குறைத்துத் தருகிறேன், முதல் வருடம் மிச்சமாவதில் பாதி எனக்கு" என்று சொல்லி முழு லாகின் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பில் எதனால் ஏறியது என்பது உங்களுக்கே தெரிந்த பிறகு அவர் தேவையா என்று பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், ஏறிய 38,000 ரூபாயில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

முதலில் அமேசான் கணக்கிலேயே செலவைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, செலவை 'சர்வீஸ்' வாரியாகப் பார்க்காமல் 'யூசேஜ் டைப்' வாரியாகப் பாருங்கள். சர்வீஸ் வாரியாகப் பார்த்தால் 'இசி2-அதர்', அதாவது சர்வர் தொடர்பான 'மற்றவை', என்று ஒரு பெரிய தொகை நிற்கும். டிஸ்க், நாட் கேட்வே, டேட்டா டிரான்ஸ்ஃபர் எல்லாம் அதற்குள் கிடக்கும். வாடிக்கையாளர் கட்டும் பணத்தில் பெரிய துண்டை 'மற்றவை' என்ற தலைப்பில் போட்டு வைப்பது எந்த ஊர் நியாயம் என்று பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன்.

அந்தப் பட்டியலில் 'நாட்கேட்வே-பைட்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். ஏஜென்சி சர்வர்களை இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாத இடத்துக்கு நகர்த்தியிருக்கும். நல்ல காரியம்தான். ஆனால் உள்ளே இருக்கும் சர்வர் வெளியே பேச ஒரு வாசல் வேண்டும். அதுதான் நாட் கேட்வே. மும்பையில் அது திறந்திருப்பதற்கே மணிக்கு 5.6 சென்ட், அதைக் கடந்து போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் இன்னொரு 5.6 சென்ட். உங்கள் பேக்கப் அமேசானின் சேமிப்புக் கிடங்கான எஸ்3-க்கு இந்த வாசல் வழியாகவே போகிறது என்றால் மாதம் 3,000 ஜிபி. அதற்கு 168 டாலர், வாசல் வாடகை 41 டாலர், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. 20,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. எஸ்3-யும் அதே மும்பையில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போக சுங்கச்சாவடி வழியாகச் சுற்றிப் போகிற மாதிரி.

தீர்வுக்குச் செலவே இல்லை. எஸ்3-க்கு 'கேட்வே எண்ட்பாயிண்ட்' ஒன்றை உருவாக்கி, சர்வர்களுக்கான ரூட் டேபிளில் (எது எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியல்) இணைத்தால் பேக்கப் வாசலைத் தொடாமல் நேராகப் போகும். அதற்குக் கட்டணம் கிடையாது. இணைக்கும் கணத்தில் ஓடும் இணைப்புகள் அறுபடலாம், அதனால் பேக்கப் நேரத்தில் செய்ய வேண்டாம்.

அடுத்தது டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல் 5.7-க்கான வழக்கமான ஆதரவு அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் 2024 பிப்ரவரியோடு முடிந்தது. மார்ச் 1 முதல் 'எக்ஸ்டெண்டட் சப்போர்ட்' என்று தனிக் கட்டணம் தானாக ஏறிவிட்டது. வர்ஜீனியா மண்டல விலையிலேயே முதல் இரண்டு வருடம் ஒரு விசிபியுவுக்கு (சர்வரின் கணிப்புத் திறனுக்கான அலகு) மணிக்கு 10 சென்ட். அந்தக் கணக்கில் இரண்டு விசிபியு இருந்தால் மாதம் 146 டாலர், வெறுமனே பழைய பதிப்பில் இருப்பதற்கு. ஒரு காப்பி எடுத்து அதில் சோதித்துவிட்டு மேம்படுத்துங்கள். 8.0-க்கும் 2026-இல் இதே கதைதான், ஆகவே 8.4 வரை போய்விடுங்கள்.

மீதி எல்லாம் சில்லறை: எந்த சர்வரிலும் மாட்டாமல் கிடக்கும் டிஸ்க்குகள், ஸ்னாப்ஷாட்கள் எனப்படும் பழைய டிஸ்க் நகல்கள், ராத்திரியும் ஓடும் டெஸ்ட் மெஷின், 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு அரை சென்ட் வாங்கும் பப்ளிக் ஐபி முகவரிகள்.

சரி, அந்த 40 சதவீதக்காரர். இவர்களில் பலர் மேலே சொன்ன எதையும் தொடுவதில்லை. உங்கள் கணக்கில் நுழைந்து மூன்று வருட சேவிங்ஸ் பிளான் வாங்குவார்கள். விலைக் குறைப்புக்கு ஈடாக, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மணிக்கு இவ்வளவு கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம் அது. மணிக்கு ஒரு டாலர் என்றால் சின்னதாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு 26,280 டாலர். முதல் வருட மிச்சத்தில் பாதியை அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார், மீதி இரண்டு வருடம் உங்கள் தலையில். தேவையில்லாத மெஷின்களையும் கணக்கில் சேர்த்து வாங்கியிருந்தால், அவற்றை நீங்கள் நிறுத்திய பிறகும் பணம் போகும். நாட் கேட்வேயிலோ டிஸ்க்கிலோ ஒரு காசுகூடக் குறையாது. எவ்வளவுக்கு வாங்கலாம் என்ற பரிந்துரையை அமேசானே உங்கள் கணக்கில் இலவசமாகக் காட்டுகிறது, அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் எதுவும் இல்லை.

"தவறாக வாங்கிவிட்டால் ஏழு நாளில் திருப்பிக் கொடுக்கலாமே" என்று அவர் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் முழுதாகக் கேளுங்கள். மணிக்கு 100 டாலருக்கு மேற்படாத பிளான்களுக்குத்தான் அந்தச் சலுகை; உங்களுடையது அதற்குள்தான் வரும். வாங்கி ஏழு நாளுக்குள் என்பதோடு, அதே காலண்டர் மாதத்துக்குள்ளும் திருப்பியாக வேண்டும். 29-ஆம் தேதி வாங்கினால் உங்களுக்கு ஏழு நாள் கிடையாது, மாதம் முடியும் வரைதான். அந்த மாத முடிவும் நம் கடிகாரப்படி அல்ல, யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கு. நமக்கு அது ஒன்றாம் தேதி அதிகாலை 5.30. அடுத்த மாத பில்லைப் பார்த்துத்தான் இப்படி ஒன்று வாங்கியிருப்பதே தெரிய வருகிறது என்றால், கதவு எப்போதோ மூடியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிறுவனம் இப்படித்தான் மாட்டிக்கொண்டது.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். கணக்கின் ரூட் ஈமெயில் (முழு அதிகாரமும் உள்ள முதன்மை லாகின்) உங்களுடையதா, ஏஜென்சியினுடையதா? பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண் யாருடையது? உங்கள் எண் இல்லையென்றால் அந்த 18 சதவீதத்துக்கான இன்புட் கிரெடிட் (கட்டிய வரியை உங்கள் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) உங்களுக்கு வராது. யாராவது கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பில்லிங் விவரத்தைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், எதையும் வாங்கும் அனுமதி வேண்டாம். பட்ஜெட் எச்சரிக்கையும் வையுங்கள். எச்சரிக்கை மட்டும் வைத்தால் அது ஈமெயில் அனுப்புமே தவிர, தானாக எதையும் நிறுத்தாது. வரம்பைத் தாண்டினால் எல்லாச் செலவையும் நிறுத்து என்று ஒரே பொத்தானை அமேசான் இன்னும் நம் கையில் கொடுக்கவில்லை.

எண்ட்பாயிண்டை இந்த வாரமே போடுங்கள், டேட்டாபேஸை அரையாண்டு விடுமுறையில் மாற்றுங்கள். அப்புறம் இரண்டு மாத பில் வரட்டும். அதில் மிஞ்சி நிற்கும் சர்வர்களுக்கு மட்டும், ஒரு வருட பிளானாக, நீங்களே வாங்கலாம்.