சென்னை ஃப்ளாட்டில் சிகார் வைக்க அலமாரி ஹியூமிடரை நாமே செய்ய முடியுமா? எந்த மரம் வாங்குவது? தாத்தா ஊர் திண்டுக்கல் சுருட்டையும் இதிலேயே வைக்கலாமா?

தாராளமாக முடியும். ஹியூமிடர் என்பது சிகாரைச் சீரான ஈரப்பதத்தில் வைத்திருக்கும் பெட்டிதானே. ஆனால் மரத்தில் இருந்து தொடங்காதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்துபோகும். ஆகவே உள்ளே எப்படி ஈரம் சேர்ப்பது என்பதுதான் அவர்களுடைய கவலை. நமக்கு அது கவலையே இல்லை. கடற்காற்றில் ஈரப்பதம் தானாகவே 70, 80 சதவீதம் நிற்கிறது. இரவு ஏசி போட்டதும் அதே படுக்கையறை 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காலையில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தால் மறுபடி 75. மதியம் அறைச் சூடு 32 டிகிரியைத் தாண்டும். சிகாருக்கு வேண்டியதோ 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 18 முதல் 21 டிகிரி சூடும், அதுவும் நாளெல்லாம் ஒரே சீராக. எனவே சென்னையில் அலமாரி செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றுக் கசிவையும் சூட்டையும்தான்.

சூட்டைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் வண்டு. லேசியோடெர்மா செரிகோர்னே என்ற சின்னப் பழுப்பு வண்டை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். சமையலறையில் பழைய மல்லியிலும் மஞ்சளிலும் மிளகாய் வற்றலிலும் துளை போடுவது அதுதான். புகையிலையும் அதற்கு உணவு. முட்டை இலையோடு சேர்ந்து தோட்டத்தில் இருந்தோ கிடங்கில் இருந்தோ வந்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. குளிர்ந்த இடத்தில் அது அப்படியே கிடக்கும். 24, 25 டிகிரியைத் தாண்டி சில நாள் நின்றால் பொரிக்கத் தொடங்கும். ஒரு புழு ஒரு சிகாரோடு நிற்காது, தட்டு முழுக்கப் பரவும்.

நம் ஊரில் ஆண்டு முழுவதும் 21 டிகிரியில் அலமாரியை வைக்க மின்கட்டணம் இடம் தராது. அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு சிகாரையும் உறைய வைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ஜிப் பை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டு, காற்றை வெளியேற்றி, ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். பிறகு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 3 நாள். மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டில். அதன் பிறகு பையைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். இந்தப் படிகளில் அவசரப்பட்டால் சிகாரைச் சுற்றியிருக்கும் மேலிலை வெடிக்கும். மரத்தின் வாசனைக்கு வண்டு அண்டாது என்று சொல்வார்கள். அதை நம்பி இந்த வேலையை விட்டுவிட வேண்டாம்.

இப்போது பெட்டிக்கு வருவோம். 150, 200 சிகாருக்கு உள்ளளவு 60க்கு 45க்கு 90 சென்டிமீட்டர் போதும், பின்னாளில் இன்னும் சேர்க்கவும் இடம் இருக்கும். சட்டத்துக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் எடுங்கள். இரண்டு அடுக்கு பிளைவுட்டுக்கு நடுவில் 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் கொடுக்கக் கார்பெண்டர் சம்மதித்தால் இன்னும் நல்லது. ஏசி இல்லாத பகல் நேரத்தில் சூடு மெதுவாகத்தான் ஏறும். பிளைவுட்டின் பசை வாடை சிகாரில் ஏறிவிடும். அதனால் உட்பக்கம் முழுக்க, வெட்டிய விளிம்புகளிலும் விடாமல், அரக்கு பாலிஷ் இரண்டு மூன்று கோட் அடித்து வாடை முழுதும் போகும்வரை திறந்து போடுங்கள். அரக்கு ஈரத்தையும் ஓரளவு தடுக்கும். கண்ணாடிக் கதவு வேண்டும் என்றால் இரட்டைக் கண்ணாடி. அதை ஒட்ட, வினிகர் போல நெடி அடிக்காத, நியூட்ரல் வகை சிலிகான் கேட்டு வாங்குங்கள். வெயில் விழும் சுவரோரம் கூடவே கூடாது.

கதவுதான் எல்லாம். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடைகளில் காந்தம் வைத்த கேஸ்கெட் அளவுக்கு வெட்டித் தருவார்கள். சாதாரண ரப்பர் பீடிங்கை விட அது எவ்வளவோ மேல். மாட்டிய பிறகு இரண்டு சோதனை. உள்ளே மொபைல் டார்ச்சை எரியவிட்டு அறையை இருட்டாக்குங்கள்; எங்கே வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கே காற்றும் போகும். பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் தேறாத அலமாரிக்குள் எத்தனை விலை உயர்ந்த கருவி வைத்தாலும் பயன் இல்லை.

மரம். உள்வரிக்கு, அதாவது உட்பக்கம் பதிக்கும் பலகைக்கு, உலகம் முழுக்கப் பயன்படுவது ஸ்பானிஷ் சிடார், தாவரப் பெயர் செட்ரெலா ஓடொராட்டா. நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியன் பகுதிகளில் வளர்வது, நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தை எளிதில் வாங்கும், எளிதில் கொடுக்கும், அதிகம் வளையாது, வாசனையும் புகையிலையோடு ஒத்துப்போகும். 2020 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இறக்குமதி மரத்துக்கு அனுமதித் தாள் கேட்டு வாங்குவது உங்கள் கடமை. முழுப் பலகை கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். காலி சிகார் பெட்டிகளில் சில இதே மரம்தான். அவற்றைப் பிரித்துத் தட்டுகளுக்கும் பின்சுவருக்கும் உள்வரியாகப் போடலாம். மகோகனியும் சரியே. தேக்கு வேண்டாம், எண்ணெய் வாடை. பைன் வேண்டாம், பிசின். சிடாரிலும் சூட்டில் பிசின் கசியும் என்பதால் நன்றாக உலர்த்திய பலகையாகப் பார்த்து எடுங்கள். பலகையில் பாலிஷோ வார்னிஷோ படக்கூடாது. பசையும் வேண்டாம், பித்தளைத் திருகு போதும். மரம் உப்பச் சிறிது இடைவெளி விடுங்கள்.

இந்தப் பலகையின் வேலை அழகு அல்ல, இதை ஒரு கணக்குப் போட்டால் புரியும். நான் சொன்ன அளவு அலமாரியின் கொள்ளளவு சுமார் 243 லிட்டர். 25 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதத்தில் அந்தக் காற்றில் இருக்கும் தண்ணீர் 4 கிராமுக்கும் குறைவு, ஒரு தேக்கரண்டிகூட இல்லை. அதே நிலையில் 10 கிலோ மரம் தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் பிடித்திருக்கும். கதவைத் திறக்கும்போது வெளியேறுவது அந்தத் தேக்கரண்டி. அதைத் திருப்பித் தருவது மரம். மெல்லிய வெனீர் ஒட்டினால் இந்தப் பலன் கிடைக்காது, 6 மில்லிமீட்டர் பலகையாவது வேண்டும்.

சிகார் வைக்குமுன் பலகையைச் சரியான ஈரத்துக்குக் கொண்டுவந்து பதப்படுத்துவதும் நம் ஊரில் வேறுதான். மே மாதத்தில் ஏசி அறையில் கிடந்த பலகை என்றால் உள்ளே ஒரு கிண்ணம் டிஸ்டில்டு வாட்டர் வைத்து மூடி ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, வளைந்துவிடும். நவம்பர் மழையில் வாங்கிய பலகை ஏற்கெனவே அளவுக்கு மேல் குடித்திருக்கும். அதை ஏசி அறையில் காயவிடுவதுதான் பதப்படுத்தல். சிகார் உள்ளே போன பிறகு 25 சிகாருக்கு ஒரு 60 கிராம் போவேடா பொட்டலம் (ஈரத்தை வாங்கியும் கொடுத்தும் ஒரே அளவில் நிறுத்தும் பொட்டலம்) என்ற கணக்கில், 65 சதவீத எண் போட்டதை வையுங்கள். அறை சூடாக இருப்பதால் நாம் 70ஐத் தேட வேண்டியதில்லை, 75ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பொட்டலம் கல்லாக இறுகினால் கதவு கசிந்து உலர்கிறது, உப்பிப் பருத்தால் மழைக்காற்று உள்ளே வருகிறது.

மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே அளவு காட்டாது. ரிச்சி தெருவில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனும் டைமரும் வாங்கி, மணிக்கு ஓரிரு நிமிடம் மெதுவாகச் சுழலவிட்டால் சரியாகும். தட்டுகள் சட்டங்களால் ஆனவையாக, பின்னால் இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு இருக்க வேண்டும். ஈரப்பத மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு சேர்த்து ஒரு ஜிப் பையில் மூடி ஓர் இரவு. 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

பகலில் ஏசியே போடாத வீடு என்றால் இந்த அலமாரி வேண்டாம். கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரம் பாயும் தகட்டால் குளிர வைக்கும், பெல்டியர் வகைச் சிறு வைன் கூலரை வாங்கி அதற்குள் சிடார் தட்டு போடுங்கள். கம்ப்ரசர் வகை காற்றை அதிகம் உலர்த்திவிடும். பெல்டியர் அறைச் சூட்டில் இருந்து 10 டிகிரி அளவுக்குத்தான் இறக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்; 40 டிகிரி மொட்டைமாடி அறைக்கு அது ஈடு கொடுக்காது.

கேள்வியின் கடைசியில் தாத்தா ஊர் திண்டுக்கல் சுருட்டையும் இதிலேயே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதன் காரமான வாடை ஒரே மாதத்தில் மற்றதில் ஏறிவிடும், அதன் பக்குவமும் வேறு. இறுக்கமாக மூடும் தனி டப்பாவில் வையுங்கள், ஆனால் ஃப்ரீசர் படியை அதற்கும் விடாதீர்கள்.