வாசித்த புத்தகம் மறந்துபோகாமல் குறிப்பு எழுதுவது எப்படி?

அண்மையில் வாசித்த நாவல்களும் வரலாற்று நூல்களும் இரண்டு மாதத்தில் மறந்துபோகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஆனால் நாவலுக்கும் கட்டுரை நூலுக்கும் ஒரே மாதிரி எழுதாதீர்கள். பலர் பிழைவிடுவது அங்கேதான்.

நாவலுக்குக் கதைச்சுருக்கம் வேண்டாம், அது பின்னட்டையிலேயே இருக்கும். எங்கடை நாவல்கள் பலவற்றில் முன்னுரை நீளம், கதையையும் சொல்லிவிடும். அதைக் கடைசியில் வாசியுங்கள். முடித்த அன்றே, மனதில் நிற்கும் காட்சிகள் மூன்றைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். ஒரு கிழமை கழித்து, கொப்பியைப் பாராமல், எது மிஞ்சியது என்று திரும்ப எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசந்தான் உங்கள் உண்மையான அபிப்பிராயம்.

யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறையைச் சொல்லும் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வாசிக்கிறீர்கள் என்றால், யார் யாரை எப்படி விளிக்கிறார் என்று குறித்து வையுங்கள். சாதியின் அடுக்கு முழுவதும் அந்த விளிகளில் இருக்கிறது. பக்கத்தில் மூன்று ஆண்டுகளையும் எழுதுங்கள்: தீண்டாமையைக் குற்றமாக்கிய 1957 சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் நுழைய நடத்திய 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம். சட்டம் வந்து பத்து வருடம் கழிந்தும் கோயில் வாசலில் ஏன் போராட வேண்டியிருந்தது? அந்தக் கேள்வியோடு வாசித்தால் நாவல் வேறு ஆழத்தில் திறக்கும்.

கட்டுரை நூலில் நேர்மாறு: முன்னுரையே முதலில். எழுதிய காலம் எது, யாரிடம் கேட்டது, எதைக் கண்ணால் கண்டது என்று குறியுங்கள். உதாரணத்துக்கு, ஈழப் போரைப் பற்றி நால்வர் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’யின் ஆங்கில மூலம் 1990இல் வந்தது, அந்த நால்வரில் ஒருவரான ரஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் கொல்லப்பட்டுவிட்டார். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டதை அவர் எழுதிய பகுதிகளில் தேடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பக்க எண் மட்டும் எழுதினால் பிறகு உதவாது. ஈழத்து நூல்கள் தமிழ்நாட்டில் மறுபதிப்பாகும்போது பக்கங்கள் மாறிவிடும். பதிப்பாண்டையும் பதிப்பகத்தையும் சேர்த்தெழுதுங்கள். ஈழத்து நூல்களை வருடிப் போட்டிருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் வாசித்தால், திரையில் தெரியும் எண்ணை விட்டுத் தாளில் அச்சான எண்ணையே எடுங்கள். அட்டையும் முன்பக்கங்களும் கணக்கில் சேர்வதால் இரண்டும் பெரும்பாலும் ஒத்துவராது.

இரவல் புத்தகத்தில் கோடு போடவேண்டாம், பென்சிலாலும்கூட. கடதாசித் துண்டு வையுங்கள், திருப்பிக் கொடுக்கமுன் எடுத்துவிடுங்கள்.