கல்லூரி வீரர்கள் படிப்பை முடிக்காமலே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாமா?

அமெரிக்காவில் கல்லூரி அணிக்கு ஆடும் மாணவர், நான்கு ஆண்டுப் படிப்பு முடியும் முன்பே தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதைத்தான் ‘முன்கூட்டியே வெளியேறுவது’ என்கிறார்கள். கூடைப்பந்தில் (என்.பி.ஏ. என்ற தொழில்முறைத் தொடரில்) 19 வயதும், பள்ளி முடித்து ஓராண்டும் ஆகியிருந்தால் போதும். அமெரிக்கக் கால்பந்தில் (என்.எஃப்.எல். தொடரில்) பள்ளி முடித்து மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஏன் இத்தனை அவசரம்? வீரருக்கு உடம்புதான் மூலதனம். மரத்தில் தொங்கும் காயை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சில நாள் விட்டால் கனிந்து நல்ல விலைக்குப் போகும். அதற்குள் ஒரு காற்று அடித்தால் தரையில் கிடக்கும். முழங்கால் காயம்தான் அந்தக் காற்று.

ஆனால் எல்லோருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. என்.பி.ஏ.வில் அணிகள் சுற்றுச் சுற்றாக வீரர்களை எடுக்கும். முதல் சுற்றில் தேர்வாகி ஒப்பந்தம் போடுபவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அந்த உத்தரவாதம் கிடையாது. முதல் சுற்று ஏறக்குறைய நிச்சயம் என்றால் கிளம்பலாம். சந்தேகம் என்றால் இருப்பதே மேல் என்பேன். 2021 முதல் கல்லூரியில் இருந்துகொண்டே தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க முடிகிறது என்பதால், காத்திருப்பது முன்போல் வெறுங்கையோடு காத்திருப்பதும் அல்ல. (கூடைப்பந்து வீரர் டிம் டங்கன் அந்த வசதி இல்லாத காலத்திலேயே நான்கு ஆண்டும் இருந்துவிட்டு, 1997 வீரர் தேர்வில் முதல் ஆளாகப் போனார்.)

வெளியேறினால் பட்டம் போனதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1992இல் வெளியேறிய கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ’நீல் 2000இல் அதே பல்கலைக்கழகத்தில் பட்டத்தை முடித்தார்.